கையை விட்டால் அணைகிற எஞ்சின்

சாவியைத் திருப்பிப் பிடித்தாள். எஞ்சின் உறுமியது. கையை எடுத்தாள். அணைந்துபோனது.

இன்னொரு தரம் திருப்பினாள். உறுமியது. விரல் சாவியை விட்டதும் ஷெட்டில் பழையபடி கப்சிப்.

"போதும் அண்ணி. பேட்டரி பாவம்" என்று திறந்திருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து சின்னவன் குரல் கொடுத்தான்.

போன வாரம் நம் நர்ஸம்மாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்பது நினைவிருக்கும். குவாரி மேட்டின் கொண்டை ஊசி வளைவு. ஏறிக்கொண்டிருந்த ஜீப்பின் எஞ்சின் திடீரென்று செத்து, வண்டி பின்னால் உருள, அவள் இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நிறுத்தலாமா என்று என்னைத் திட்டியவர்களுக்கு முதலில் நல்ல சேதி: பிழைத்துக்கொண்டாள். ஓரத்தில் கிடந்த ஒரு பாறாங்கல்லில் பின்சக்கரம் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் வெறும் காற்றுதான்.

உடம்பு நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம், "பெட்ரோல்ல குப்பை மாமா, வழியில கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். கப்பலில் வேலை பார்க்கும் கணவனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஜீப்பை எடுக்கவே இல்லை. பஸ்ஸும் நடையுமாகத்தான் வேலைக்குப் போய்வந்தாள். நடுவில் ஒரு நாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சாவியைத் தொடவே மனசு வரவில்லை. ஸ்டியரிங்கைத் துடைக்கத்தான் ஏறினவள் மாதிரி புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

இன்று அப்படி இறங்க முடியாது.

குவாரியில் பாறை துளைக்கிற ஆள் ஒருவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, டிரில்லர் என்றால்தான் தெரியும். வெடி வைக்கும் முன் ஊத வேண்டிய சங்கை ஒரு நாள் ஊதவில்லை. வெடித்த கல் அவர் காலை நசுக்கிவிட்டது. குடித்துவிட்டு வந்து நின்றார், யார் என்ன செய்வது என்று கம்பெனி கை கழுவிவிட்டது. அன்று முதலில் ஓடிப்போய்க் கட்டுப் போட்டவள் நர்ஸம்மா. அவர் வாயில் கல்தூசி வாசம் தவிர வேறு வாசமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் தொழிலாளர் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இன்று மதியம் விசாரணை. டிரில்லரும் நர்ஸம்மாவும் நேரில் வர வேண்டும், வராவிட்டால் கேஸை மூடிவிடுவேன் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிரில்லர் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. அவரால் நடக்க முடியாது. அந்த மேட்டில் ஏறுகிற வண்டிகள் இரண்டே வகை. ஒன்று குவாரிக்காரர்களுடையவை. மற்றது இந்தக் கிழட்டு ஜீப்.

ஆகவே ஜீப் கிளம்பியே ஆக வேண்டும்.

"இந்தா, இதைப் பாருங்க அண்ணி" என்றான் சின்னவன். இவன் அவளுடைய கொழுந்தன். பஸ் ஸ்டாண்டு தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்து வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறான். அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர் மாதிரி ஒன்று இருந்தது. கைப்பிடிக்குள் குட்டி பல்பு. டெஸ்ட் லேம்ப் என்பான். அதன் வால் ஒயரை வண்டியின் இரும்பில் டேப்பால் ஒட்டிவிட்டு, முனையை எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற காயிலின் ஆணியில் வைத்தான்.

"சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம், சும்மா ஆன்ல வைங்க."

வைத்தாள்.

"எட்டிப் பாருங்க, பல்பு எரியுதா?"

"இல்ல."

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

எஞ்சின் உறுமிய அந்த நொடியில் பல்பும் பளிச்சென்று எரிந்தது. கையை விட்டதும் இரண்டும் சேர்ந்து அணைந்தன.

"புரிஞ்சுதா?"

"உனக்குப் புரிஞ்சா போதும் தம்பி. வண்டி ஓடுமா, ஓடாதா?"

"கேளுங்க. நீங்க ஸ்டார்ட் பண்றப்போ காயிலுக்கு ஒரு தனி ஒயர்ல கரண்ட் வருது. கையை விட்டதும் அது நின்னுடும். அப்புறம் சாவிலேருந்து நேரா வர்ற ஒயர்தான் சோறு போடணும். அது போடல. சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல எங்கயோ கைய விரிச்சுட்டுது."

"அன்னைக்கு வளைவுல..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்குள் மாமனார் நடமாடும் சத்தம் கேட்டது. வளைவு விஷயம் சின்னவனுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் இன்று காலையில்தான் சொன்னாள்.

"அதே ஒயராத்தான் இருக்கும்" என்று அவனும் குரலைத் தணித்தான். "ஓடிட்டிருக்கும்போது அறுந்துது. நின்னதும் ஒட்டிக்கிச்சு. இந்த மாதிரி விட்டு விட்டு வர்ற கோளாறுதான் அண்ணி ஆளைக் கொல்லும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் வாசல் கேட்டைப் பார்த்தாள். இந்த ஒரு மாதமாக அவளுக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. போன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் குவாரி ஆள் ஒருவன் சுகாதார நிலையத்துக்கே வந்து, நோயாளிகள் பெஞ்சில் வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் கையை நீட்டி பிரஷர் பார்க்கச் சொன்னான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. மிரட்டவில்லை, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. பார்த்த அவளுக்குத்தான் படபடத்தது. அவன் பிரஷர் பச்சைக் குழந்தைக்கு இருப்பது போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

சின்னவன் தலை கீழேயும் கால் சீட்டின் மேலேயுமாக டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தான். "டார்ச்சைக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினாள்.

"லைட் ஆடுது அண்ணி."

"கை ஆடுதுப்பா. லைட் என்ன பண்ணும்."

அவன் சிரித்துக்கொண்டே சாவி சுவிட்சின் பின்னால் டெஸ்ட் லேம்பை வைத்தான். எரிந்தது. அங்கிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனான். சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்தான். அதற்குப் பின்னால் விட்ட கை அப்படியே நின்றது. சிரிப்பு நின்றுபோனது.

"என்ன தம்பி?"

"இது யார் வெச்சது?"

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், ஒரு சின்ன சுவிட்ச். மேலும் கீழும் தட்டுகிற மாதிரி ஒரு குமிழ். பழைய ஒயரை வெட்டி, நடுவில் இதைச் செருகி, இரண்டு பக்கமும் புத்தம்புதுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மற்ற ஒயர்களெல்லாம் வருஷக்கணக்கான தூசியில் கிடக்க, டேப் மட்டும் பளபளத்தது.

சின்னவன் சுவிட்சின் காயில் பக்கத்து முனையில் டெஸ்ட் லேம்பை வைத்து, குமிழை மேலே தட்டினான். பல்பு எரிந்தது. கீழே தட்டினான். அணைந்தது.

"திருட்டு பயத்துக்காக இப்படி ரகசியமா வைக்கிறது உண்டு" என்றான் மெதுவாக. "இதை ஆஃப் பண்ணிட்டா வண்டி கிளம்பற மாதிரி கிளம்பி நின்னுடும். ஆனா நம்ம வண்டியில இது கிடையாது. போன தடவை சர்வீஸ் பண்ணப்போ இந்த இடத்துல என் கையே போயிருக்கு."

"அப்போ யாரோ வெச்சிருக்காங்க."

"ஆமா."

"ஷெட்டுக்குள்ள வந்து. நம்ம வீட்டுக்குள்ள வந்து."



 ஷெட்டுக்குக் கதவு கிடையாது. சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கிற உயரம்தான். ஒருவன் இங்கே வந்து, இதே சீட்டில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் டேப் சுற்றியிருக்கிறான். உள்ளே அவளும் மகளும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை நினைத்ததும் அவள் விறுவிறுவென்று நடந்துபோய் வாசல் கேட்டைச் சாத்தினாள். தாழ்ப்பாளை யாரும் போட்டதே இல்லை. துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டி உள்ளே இறக்கினாள். பட்டப்பகலில் கேட்டைத் தாழிட்ட வீடு அந்தத் தெருவில் அன்று அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது சின்னவன் சுவிட்சின் ஒரு பக்கத்து டேப்பைப் பிரித்து, அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வருவது தெரிந்ததும் டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் பார்த்துவிட்டாள்.

இந்த இடத்தில் நர்ஸம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பயம் வந்தவளுக்குக் கணக்கு வேகமாக ஓடும். ஒயரிங் தெரிந்தவன் யார்? சின்னவன். ஜீப்புக்குள் கைவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற ஆள் யார்? சின்னவன். குவாரி லாரிகளெல்லாம் யார் கடைக்கு வேலைக்கு வருகின்றன? விசாரணை என்றைக்கு அண்ணி என்று போன வாரம் கேட்டது யார்? அவள் தன்னையறியாமல் நகர்ந்து, ஜீப் தனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும்படி நின்றுகொண்டாள். கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டவனிடம் அவள் பயந்தாள்.

"பாக்கெட்ல என்ன தம்பி?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"எடு."

"ஒயர் குப்பை..."

"எடுன்னு சொன்னேன்."

எடுத்தான். கசங்கிய டேப். ஆனால் முனை கசங்கவில்லை. அது உள்பக்கமாக மடிக்கப்பட்டு, சின்னதாக ஒரு முக்கோணமாக நின்றது. பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம், அதைப் பிடித்து இழுத்தால் போதும். காது வைப்பது என்று அதற்கு இந்த வீட்டில் பெயர். சற்று முன்னால் டெஸ்ட் லேம்ப் ஒயரில் டேப் ஒட்டியபோதும் அவன் அப்படித்தான் ஒட்டினான். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"முனையில காது வெச்சு ஒட்டற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் தம்பி."

அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் எதற்கு ஜீப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னையா நினைச்சீங்க?"

"யாரைத்தான் நினைக்கச் சொல்றே?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர் அண்ணி" என்றான். "எனக்குக் காது வைக்கக் காட்டினது யாரு?"

வீட்டுக் கதவு திறந்தது. பெரியவர், அவள் மாமனார், ஒரே கையில் இரண்டு டீ டம்ளரைப் பிடித்தபடி வந்தார். லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம், இன்னொரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும். கண் பார்வை மங்கிவிட்டது, கை லேசாக நடுங்கும், ஆனாலும் டீ தளும்பாது. தரையில் கழற்றி வைத்திருந்த டேஷ்போர்டு பெட்டியைப் பார்த்ததும் நின்றார். இன்று தளும்பியது.

"டீ ஆறிடும்" என்றார்.

யாரும் வாங்கவில்லை. நர்ஸம்மா டேப்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"மாமா, இது நீங்களா?"

அவர் டம்ளர்களை மட்கார்டு மேல் வைத்தார். வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"வண்டி கிளம்பலன்னா நீ வீட்லயே இருந்துடுவேன்னு நினைச்சேன்மா."

"இத்தனை நாளா கூடவே இருந்துட்டு இதைப் பண்ணினீங்களா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான். விடிகாலையில எழுந்து வந்து ஆஃப் பண்ணி வெச்சேன். விசாரணை முடிஞ்சதும் கழட்டி எறிஞ்சிடலாம்னு இருந்தேன்."

"அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சின்னவன் கத்தினான். "காலு போன மனுஷன் மேட்டு உச்சியில உட்கார்ந்திட்டிருக்காரு. அண்ணியை நம்பித்தான் உட்கார்ந்திட்டிருக்காரு."

"எனக்குத் தெரியாதாடா? எனக்குப் பயமா இருந்துச்சு." பெரியவர் மருமகளைப் பார்த்துத்தான் பேசினார். "அந்தக் கறுப்புக் கண்ணாடி டீக்கடையில என் பக்கத்துல வந்து உட்கார்ந்தான்மா. மரியாதையாத்தான் பேசினான். உங்க பேத்தி எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போறான்னு தெரியும்னான். பை என்ன கலர்னு சொன்னான். தண்ணி பாட்டில்ல மூடி உடைஞ்சிருக்கு, மாத்திக் கொடுங்கன்னான். அந்த மூடி உடைஞ்சது எனக்கே தெரியாதும்மா. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். உடைஞ்சுதான் இருந்துச்சு."

நர்ஸம்மா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூடி அவளுக்கும் தெரியாது.

"அவங்க உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வண்டி மட்டும் கிளம்பாம இருந்தா போதும்னான். அது சின்ன விஷயம்தானேன்னு பட்டுச்சு. ஒரு சுவிட்ச். யாருக்கும் அடி கிடையாது, ரத்தம் கிடையாது. நீ கோபத்துல ரெண்டு நாள் பேசாம இருப்பே. அவ்வளவுதான்."

"என்னைக்கு மாட்டினீங்க?"

"போன வியாழக்கிழமை. அன்னைக்கு மட்டும் நீ ஜீப்பை விட்டுட்டு பஸ்ல போயிருந்தே. ஆன்லதான் வெச்சிருந்தேன். உனக்கு வேலை கெடக் கூடாதுன்னு."

வெள்ளிக்கிழமைதான் அந்த வளைவு.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். சின்னவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேறு வழியில்லை.

"மாமா, பெட்ரோல்ல குப்பைன்னு சொன்னேன்ல. அது பொய். குவாரி மேட்டு வளைவுல எஞ்சின் நின்னுபோச்சு. வண்டி பின்னால உருண்டுது. கல்லுல முட்டித்தான் நின்னுச்சு."

பெரியவருக்கு அந்த வளைவு தெரியும். எத்தனையோ வருஷம் அதில் லோடு ஏற்றியவர். எந்தக் கல், அதற்குப் பின்னால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் ஜீப்பின் படியைத் தடவிக் கண்டுபிடித்து அதில் உட்கார்ந்தார்.

"கல்லு இல்லன்னா?" என்று கேட்டார்.

அவள் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு."

"நானும் அதனாலதான் உங்கிட்ட சொல்லல" என்றவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமியார் இறந்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் வர வேண்டும், வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் அழுகிற விதத்தைப் பார்த்ததும் அவளுக்கும் அழுகை முட்டியது. இவ்வளவு பயத்தை ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோமே என்று இருந்தது.

சின்னவனுக்கு ஆறவில்லை. "கண்ணு தெரியல, கை நடுங்குது, எதுக்கு இந்த வேலை? ஸ்க்ரூவை அரைகுறையா முடுக்கியிருப்பீங்க. குலுங்கினதும் ஒயர் விட்டிருக்கும்."

பெரியவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். "முடுக்கிட்டு இழுத்துப் பார்த்தேன்டா. ரெண்டு ஒயரையும் இழுத்துப் பார்த்துட்டுத்தான் டேப் சுத்தினேன்."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"தெரியல. ஆனா முடுக்கினேன்."

அப்பாவைப் பொய்யராக்கிக் காட்டும் வேகத்தில் சின்னவன் உள்ளே கைவிட்டு ஒரு ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். வரவில்லை. மற்றதை இழுத்தான். அதுவும் அசையவில்லை. கையைத் திருப்பி முழு பலத்தோடு இழுத்தான். சுவிட்சே ஆடியது, ஒயர் விடவில்லை. அவன் முகம் மாறியது.

"முடுக்கித்தான் இருக்காரு" என்றான்.

சுவிட்சைக் கழற்றி வெளியே எடுத்தான். மட்கார்டு மேல் வைத்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதன் மூடியை நெம்பினான். உள்ளே ஒரு பித்தளை நாக்கு. குமிழைத் தட்டும்போது அதுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். அவன் டார்ச்சை வாங்கிக் கிட்டத்தில் பிடித்தான். நாக்கின் நுனி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. புது சுவிட்ச் தானாகத் தேயாது. அரம் ஓடிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன.

"யாரோ ராவியிருக்காங்க" என்றான். "பட்டும் படாம நிக்கற அளவுக்கு ராவியிருக்காங்க. வண்டி நிக்கறப்போ தொடும். மேட்டுல குலுங்கினா விட்டுடும்."

மூடியைத் திரும்ப அழுத்திப் பொருத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அப்பா, இந்த சுவிட்சை எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வாங்கல" என்றார் பெரியவர். அவர் குரல் எங்கிருந்தோ வந்தது. "அவன்தான் கொடுத்தான். கடைக்கு அலையாதீங்க பெரியவரே, எங்கிட்டயே இருக்குன்னு கவர்ல போட்டுக் கொடுத்தான்."

வண்டி கிளம்பாவிட்டால் குவாரிக்காரர்களுக்கு நல்லது. கிளம்பி மேட்டில் உருண்டால் அதைவிட நல்லது. அப்புறம் போலீஸ் வந்து பார்த்தாலும், பெரியவர் கைப்பட மாட்டின சுவிட்ச், பெரியவர் கைப்பட சுற்றின டேப். நர்ஸம்மாவுக்கு இது முழுசாக விளங்கியது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் விளங்கியது.

"குட்டி" என்றாள்.

அவள் மகள் காலையில் வழக்கமான பஸ்ஸில், வழக்கமான பையோடு பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"தம்பி, ரெண்டு ஒயரையும் நேராச் சேர்த்துக் கட்டு. கட்டிட்டு உடனே ஸ்கூலுக்குப் போ. அவளைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்குப் போயிடு. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, யார் தட்டினாலும் கதவைத் திறக்க வேணாம்னு."

"நீங்க தனியா மேட்டுக்கா?"

"தனியா இல்ல" என்றார் பெரியவர். படியிலிருந்து எழுந்து, முண்டாசுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜீப்பின் அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். "நான் வர்றேன்."

"மாமா, வேணாம்."

"நான் இல்லாம நீ அந்த வளைவைத் தாண்ட வேணாம்மா. எனக்கு அது போதும். அதிகாரிகிட்ட நானே சொல்றேன், மாட்டினது நான்தான்னு. யார் கொடுத்தான்னும் சொல்றேன்."

அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். இறக்கிவிட அவளுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தெம்பாகவே இருந்தது. அந்த ஆள்தான் சுவிட்சை மாட்டியவர் என்பது வேறு விஷயம்.

சின்னவன் இரண்டு ஒயரின் நுனியையும் சீவி, முறுக்கி, டேப் சுற்றினான். அவசரத்தில் காது வைக்கவில்லை. பானட்டை மூடினான். ராவிய சுவிட்சைக் கைக்குட்டையில் முடிந்து அண்ணியின் பையில் போட்டான்.

"திருப்புங்க."

திருப்பினாள். உறுமியது. சாவியை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எஞ்சின் நிற்கவில்லை. சின்னவன் டேஷ்போர்டைக் கையால் குத்தினான், கதவைப் பிடித்து வண்டியையே உலுக்கினான். ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு மூச்சு நெஞ்சு நிறைய உள்ளே போனது.

"மேட்டுல செகண்ட் கியருக்கு மேல போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்தான், வெளியே போனான், இழுத்துச் சாத்தினான். பைக் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது என்பதோ, அதைப் போட ஆள் வேண்டும் என்பதோ அந்த அவசரத்தில் மூவருக்குமே தோன்றவில்லை.

அவள் ரிவர்ஸ் கியருக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போது பெரியவரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள்.

"அவன்தான்மா. வண்டி கிளம்புச்சா இல்லையான்னு இன்னைக்குக் கேப்பேன்னு சொல்லியிருந்தான்."

"எடுக்காதீங்க."

"எடுக்கலன்னா சந்தேகம் வந்துடும். குட்டி இன்னும் ஸ்கூல்லதான் இருக்கா."

அது சரிதான். சின்னவன் போய்ச் சேரும்வரையாவது அவனை நம்பவைக்க வேண்டும். அவள் சட்டென்று சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். ஷெட்டே அமைதியானது. லாரி எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியதில் பெரியவருக்கு ஒரு காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பட்டனை அழுத்தினார்.

"பெரியவரே" என்றது அந்த மரியாதையான குரல். "வண்டி என்னாச்சு?"

"கிளம்பல" என்றார். பொய் சொல்வதில் பழக்கமில்லாத குரல். ஆனால் நன்றாகத்தான் சொன்னார். "திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு விட்டுட்டா."

"மருமக?"

"உள்ள படுத்திருக்கா. தலைவலின்னா. இன்னைக்கு எங்கயும் போகல."

"நல்லது. உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நம்பிவிட்டான். வைத்துவிடப் போகிறான். இன்னும் ஒரு நொடி.

குரல் வைக்கவில்லை. யோசிப்பது போலக் கொஞ்சம் நின்றது. பிறகு அதே மரியாதையோடு கேட்டது.

"அப்ப இப்பதான் ஓடி நின்னுச்சே பெரியவரே, அது எந்த வண்டி?"

அந்தக் கேள்வி போனிலிருந்து ஒரு முறை கேட்டது. கேட்டுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது.